அந்தக் குண்டு எங்கிருந்து வந்தது? ஸ்பேஸ் ஷூட்டரில் அடிக்கடி சாகிறவர்களுக்கு, அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

வேகமான ஆர்கேட் ஸ்பேஸ் ஷூட்டர் (விண்கலத்தை ஓட்டி, எதிரிகளைச் சுட்டு, வரும் குண்டுகளிலிருந்து தப்பும் கேம்) ஆடுகிறவர்கள் தோற்றதும் சொல்லும் முதல் காரணம், "எனக்கு ரிஃப்ளெக்ஸ் போதாது" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மை இல்லை. கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கை பதில் கொடுக்க மனிதர்களுக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிவிநாடி ஆகிறது. கேம் விநாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் ஒன்றன்பின் ஒன்றாக மாறும் தனித்தனிப் படம்) ஓடினால் அது 12 முதல் 15 ஃபிரேம். பல வருடம் ஆடியவர்களுக்கும் இது பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. குண்டு கிளம்பும்போதே அவர்கள் சரியான இடத்தில் நிற்கிறார்கள், அதனால் தப்பிக்கிறார்கள். நம்மைக் கொன்ற குண்டும் பெரும்பாலும் கடைசி நொடியில் கொன்றதில்லை. அதற்கு ஒன்றிரண்டு விநாடிக்கு முன்னால் ஏதோ ஒன்று தப்பாகியிருக்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வழிமுறை.

முதல் வேலையாக ஆட்டத்தைப் பதிவு செய்யுங்கள். திரையைப் பதிவு செய்யும் வசதி இல்லையென்றால் செல்போனை எதிரே நிறுத்தி எடுத்தாலும் போதும். பத்து சாவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் மூன்று விநாடி பின்னால் தள்ளிப் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி மூன்றே மூன்று. அந்தக் குண்டை நான் பார்த்தேனா? பார்த்தபின் சரியாக அழுத்தினேனா? அழுத்தியதைக் கலம் கேட்டதா? எந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வருகிறதோ, கோளாறு அங்கேதான். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கருவியில் கோளாறு இருந்தால் மற்ற பயிற்சி எல்லாம் வீண்.

"அழுத்திவிட்டேன், ஆனால் கலம் தாமதமாக நகர்கிறது"

பதிவில் விரல் முதலிலும் கலம் வெகு நேரம் கழித்தும் அசைந்தால், இது இன்புட் லேக், அதாவது அழுத்துவதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையிலான தாமதம். ஆடும்போது இது தாமதமாகவே தெரியாது. "ஏதோ கை சரியில்லை" என்றுதான் தோன்றும். அதனால்தான் இவ்வளவு பேர் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

அளந்து பார்ப்பது எளிது. விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதியுள்ள செல்போனை, விரலும் திரையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி வையுங்கள். பட்டனைத் தட்டுங்கள். பட்டன் முழுதாக அமுங்கிய ஃபிரேமிலிருந்து கலம் அசைந்த ஃபிரேம் வரை எண்ணுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் கிட்டத்தட்ட 4 மில்லிவிநாடி. 24 ஃபிரேம் வந்தால் 100 மில்லிவிநாடி, அதாவது கேமின் கணக்கில் ஆறு ஃபிரேம். நெருக்கடியான இடத்தில் ஆறு ஃபிரேம் என்பது உயிர் போகிற அளவு. ஒருமுறை தட்டிப் பார்த்து முடிவுக்கு வராமல் பத்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

தாமதம் உறுதியானால் முதலில் டிவி அமைப்புகளுக்குப் போங்கள். படத்தை மெருகேற்றுவது, அசைவை வழவழப்பாக்குவது போன்ற வேலைகளை டிவி செய்யும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் பிடித்துவைத்துத்தான் காட்டுகிறது. 'கேம் மோட்' போட்டால் அவற்றில் பெரும்பாலானவை நின்றுவிடும். சில டிவிகளில் எந்த எச்டிஎம்ஐ சாக்கெட்டில் செருகியிருக்கிறோமோ அதற்குத் தனியாகப் போட வேண்டியிருக்கும். நான் ஒரே பாஸிடம் (ஸ்டேஜின் முடிவில் வரும் பெரிய எதிரி) பல வாரம் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஒரு அமைப்பைப் பார்க்கத் தோன்றவே இல்லை. போட்ட அன்றே ஜெயித்துவிடவில்லை. ஆனால் கலம் அன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது.

டிவியில் இல்லையென்றால் அடுத்தது வி-சிங்க். படம் கிழியாமல் (இரண்டு ஃபிரேம்களின் துண்டுகள் ஒரே நேரத்தில் திரையில் தெரியாமல்) இருக்க உதவுவது அது, ஆனால் கூடவே ஒன்றிரண்டு ஃபிரேம் தாமதத்தையும் கொண்டுவரலாம். அணைத்துப் பாருங்கள், படம் கிழிவது தொந்தரவாக இல்லையென்றால் அப்படியே விடுங்கள். ப்ளூடூத் கன்ட்ரோலரில் ஆடுகிறீர்களென்றால் ஒரு நாள் கேபிள் போட்டு ஆடி ஒப்பிடுங்கள்.

பழைய கேம்களை எமுலேட்டரில் (பழைய கேம் எந்திரத்தைப் போலவே கணினியை இயங்கவைக்கும் மென்பொருள்) ஆடுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கேமே உள்ளுக்குள் ஒன்றிரண்டு ஃபிரேம் தாமதித்துத்தான் கலத்தை நகர்த்தும். எமுலேட்டர்களை இயக்கும் ரெட்ரோஆர்க் மென்பொருளில் இருக்கும் 'ரன்-அஹெட்' அதை மறைத்துவிடும். கேமை நிறுத்திவைத்து, திசையை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே நகர்த்துங்கள். எத்தனையாவது ஃபிரேமில் கலம் அசைகிறதோ அதைவிட ஒன்று குறைவாக ரன்-அஹெட் எண்ணை வையுங்கள். அதற்குமேல் வைத்தால் கலம் குதித்துக் குதித்துப் போகும், அதுவும் ஆகாது.

"பட்டனை அழுத்துகிறேன், சுடவே மாட்டேன் என்கிறது"

இதில் இரண்டு வகை. ஒன்று கேமின் விதி, இன்னொன்று கீபோர்டின் குறை.

விதியை முதலில் பார்ப்போம். 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் உங்களுடைய ஒரு குண்டு திரையில் இருக்கும்வரை அடுத்ததைச் சுட முடியாது. 1981-ல் வந்த கேலகாவில் ஒரு கலத்துக்கு இரண்டு குண்டு. இரண்டும் பறந்துகொண்டிருந்தால் எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் வராது. தப்பிய குண்டு திரையின் உச்சி வரை போய் மறைகிற அந்த நேரம் முழுக்க நீங்கள் வெறுங்கையோடு நிற்கிறீர்கள். இங்கே வேகமாகத் தட்டிப் பயனில்லை. தப்பாமல் சுட வேண்டும், இல்லையென்றால் எதிரிக்குக் கிட்டே போய்ச் சுட வேண்டும். கிட்டே போனால் குண்டு சீக்கிரம் பட்டு மறையும், அடுத்தது உடனே கிளம்பும்.

கீபோர்டு விஷயம் வேறு. பல கீபோர்டுகளில் விசைகள் ஒரே கம்பி வலையைப் பகிர்ந்துகொள்வதால், சில மூன்று விசைச் சேர்க்கைகளை அது படிக்கவே படிக்காது. மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் பார் மூன்றும் சேர்ந்தால் வேலை செய்யாத கீபோர்டுகள் நிறைய. நான்கு மூலைவாட்டுத் திசைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு சுட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் துப்பாக்கி ஊமையானால் காரணம் இதுதான். சுடும் விசையை 'இசட்' அல்லது 'கன்ட்ரோல்' விசைக்கு மாற்றி மறுபடி சோதியுங்கள். 'ஷிப்ட்' விசையை வைத்தால், அதை ஐந்து முறை தொடர்ந்து தட்டியதும் விண்டோஸ் 'ஸ்டிக்கி கீஸ்' கேள்வியோடு நடுவில் வந்து நிற்கும். அதை முன்பே அணைத்துவிடுங்கள்.

"கேமே வேகமாக ஓடுகிறது, அல்லது விக்கி விக்கி ஓடுகிறது"

பல பழைய கேம்கள் நேரத்தை ஃபிரேமால்தான் எண்ணுகின்றன. 60 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 60 ஃபிரேம்) எழுதிய கேம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கட்டுப்பாடில்லாமல் ஓடினால் 2.4 மடங்கு வேகத்தில் பறக்கும். யாராலும் ஆட முடியாது. ஃபிரேம் வேகத்தை 60-க்குக் கட்டிவிட்டால் சரியாகிவிடும்.

விக்கலுக்குக் காரணம் இதற்கு நேர் எதிர். ஆர்கேட் எந்திரங்களின் சர்க்யூட் பலகைகள் எல்லாம் சரியாக 60-ல் ஓடவில்லை. 1987-ல் வந்த ஆர்-டைப் ஏறத்தாழ 55 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரையில் அதைக் காட்ட, ஒவ்வொரு விநாடியும் ஐந்து ஃபிரேம்களை இரண்டு தடவை காட்டியாக வேண்டும். பின்னணி நகரும்போது அந்த இடறல் கண்ணை உறுத்தும். புதுப்பிப்பு வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் மானிட்டர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் ஒன்று. குண்டுகள் நிறைய வரும்போது கேம் மெதுவாவதைப் பார்த்துக் கணினியைச் சந்தேகிக்காதீர்கள். பல ஆர்கேட் ஷூட்டர்களில் அது ஆட்டத்தின் பகுதி. அந்த மெதுவை நம்பித்தான் அவ்வளவு குண்டு வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் கேம் நியாயமில்லாமல் கடினமாகிவிடும்.

"கலம் வழுக்குகிறது, நினைத்த இடத்தைத் தாண்டிப் போகிறது"

அனலாக் ஸ்டிக்கை விட்டு டி-பேடுக்கோ (கன்ட்ரோலரில் கூட்டல் குறி வடிவில் இருக்கும் திசைப் பட்டன்) ஆர்கேட் ஸ்டிக்குக்கோ மாறிப் பாருங்கள். எட்டே திசை, முழு வேகம் அல்லது நிறுத்தம் என்று எழுதப்பட்ட கேம்களில், அனலாக் ஸ்டிக் நடுவுக்குத் திரும்பும் அந்தச் சிறு நேரமே கலத்தை இரண்டு மூன்று பிக்சல் கூடுதலாக இழுத்துவிடும். யாரும் தொடாமலே கலம் ஒரு பக்கம் நகர்ந்தால் டெட்ஸோனை (ஸ்டிக்கின் நடுவில், அசைவைக் கேம் கண்டுகொள்ளாத பகுதி) கொஞ்சம் கூட்டுங்கள்.

சில நேரம் வேகத்தை வாங்கியதே நாமாக இருக்கும். 1985-ல் வந்த கிரேடியஸில், கலத்துக்குக் கூடுதல் பலம் தரும் பவர்-அப் வரிசையின் முதல் கட்டமே 'ஸ்பீட் அப்'. எடுத்துக்கொண்டே போனால் கலம் சுவரில் மோதுகிற வேகத்துக்கு வந்துவிடும், சாகும்வரை குறைக்கவும் முடியாது. இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1997-ல் வந்த டோடான்பாச்சியில் சுடும் பட்டனைப் பிடித்தபடி இருந்தால் லேசர் வரும், கலமும் மெதுவாகும். அந்த மெதுவான நடைதான் குண்டுகளுக்கு நடுவே நுழைவதற்கு. இப்படி ஒரு மெதுநடை உங்கள் கேமில் எந்தப் பட்டனில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

"குண்டு என்மேல் படவே இல்லை, ஆனால் செத்தேன்" / "பட்டது, ஆனால் சாகவில்லை"

கலத்தின் படமும் அதன் ஹிட்பாக்ஸும் (குண்டு பட்டால் உயிர் போகும் பகுதி) ஒன்றல்ல. குண்டு மழை பொழியும் கேம்களில் ஹிட்பாக்ஸ் கலத்தின் நடுவில் சில பிக்சல் மட்டும்தான், இறக்கைகள் வெறும் அலங்காரம். பழைய கேம்களில் கிட்டத்தட்ட முழுப் படமும் அடிபடும். ஒன்றில் பழகிய கண்ணோடு மற்றதற்குப் போனால் முதல் சில நாள் குழப்பம்தான். ஒரு லைஃபைச் செலவழித்துச் சோதியுங்கள். மெதுவாக வரும் ஒற்றைக் குண்டின் பாதையில் இறக்கை நுனியை மட்டும் வைத்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகருங்கள். எந்த இடத்தில் சாகிறீர்களோ அதுதான் எல்லை.

"அந்தக் குண்டை நான் பார்க்கவே இல்லை"

உங்கள் கண் எங்கே இருந்தது என்று யோசியுங்கள். புதிதாக ஆடுகிறவர்கள் தாங்கள் சுடும் எதிரியைப் பார்ப்பார்கள், அல்லது கலத்தையே பார்ப்பார்கள். எதிரியைப் பார்த்தால் கிட்டே வந்த குண்டு தெரியாது. கலத்தையே பார்த்தால் குண்டு தெரியும்போது நேரம் இருக்காது. பார்வையைக் கலத்துக்குக் கொஞ்சம் மேலே, திரை உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்துங்கள். கலம் எங்கே இருக்கிறது என்பதை ஓரக்கண் பார்த்துக்கொள்ளும். இது பழக ஒரு வாரம் ஆகும். அந்த வாரத்தில் ஸ்கோர் குறையும், பரவாயில்லை.

கேமில் பின்னணியை மங்கலாக்கும் வசதி இருந்தால் தயங்காமல் போடுங்கள். வெடிப்பின் ஒளி, விழும் பதக்கங்கள், நம்முடைய குண்டுகள் எல்லாம் சேர்ந்து எதிரியின் குண்டை மறைக்கின்றன. மேலிருந்து கீழ் ஓடும் கேமை அகலமான மானிட்டரில் ஆடினால் படம் நடுவில் ஒரு சின்னப் பட்டையாக நிற்கும். மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்ப முடிந்தால் திருப்புங்கள். குண்டின் அளவே மாறிவிடும்.

"ஒவ்வொரு முறையும் ஓரத்தில் போய் மாட்டிக்கொள்கிறேன்"

என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. கருவி சரியாக இருந்து, கண்ணும் பழகியபின் வருகிற சாவுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து இந்த வகைக் கேம்கள் வேறு மாதிரி தெரியத் தொடங்கின.

குண்டுகளை இரண்டாகப் பிரியுங்கள். குறிவைத்து வருபவை, குறிவைக்காமல் வருபவை. குறிவைத்த குண்டு கிளம்பும் கணத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்களோ அந்த இடத்துக்குத்தான் வரும். அது உங்களைத் துரத்தவில்லை. அதனால் கலத்தின் அகலத்தில் பாதி நகர்ந்தாலே போதும், பக்கத்தில் போய்விடும். ஆனால் பயத்தில் நாம் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறோம். ஓடும் வழியெல்லாம் எதிரி சுட்டுக்கொண்டே இருப்பதால், குண்டுகள் திரை முழுக்கச் சிதறுகின்றன. கடைசியில் ஓரத்துக்கு வந்துவிடுவோம், திரும்ப வழி இருக்காது. அந்தச் சுவரைக் கட்டியது எதிரி இல்லை, நம் ஓட்டம்.

சரியான முறை இது. ஒரு பக்கமாக, விரல் நுனியால் தட்டித் தட்டி, மிகச் சிறிது சிறிதாக நகருங்கள். குண்டுகள் எல்லாம் உங்கள் பின்னால் ஒரு கயிறு போல வரிசையாக வந்து விழும். ஓரத்துக்கு இன்னும் கால்வாசித் திரை இருக்கும்போதே திரும்ப முடிவெடுங்கள். ஒரே வீச்சில் வேகமாகக் கொஞ்சம் மேலேறி எதிர்ப்பக்கம் வெட்டித் திரும்பினால் அந்தக் கயிற்றில் ஒரு இடைவெளி விழும். அதன் வழியாக உள்ளே வந்து, மறுபடி பழைய நிதானத்தில் மறுபக்கம் தட்டிக்கொண்டே போகலாம். மேலேற இடம் வேண்டுமென்றால் கலத்தைத் திரையின் அடிமட்டத்தில் ஒட்டிவைக்கக் கூடாது. கீழே ஒரு கலம் நிற்கிற அளவு இடம் எப்போதும் விட்டுவையுங்கள், பின்வாங்கவும் அதுதான் உதவும்.

குறிவைக்காத குண்டுகளுக்கு நேர் எதிரான வைத்தியம். நீங்கள் எங்கே நின்றாலும் அவை ஒரே வடிவத்தில்தான் வரும். தேவையில்லாமல் அசைந்தால் நீங்களாகப் போய் மோதுவீர்கள். இடைவெளி எங்கே வருகிறது என்று பார்த்து அங்கே போய் நிற்க வேண்டியதுதான்.

எது எந்த வகை என்று எப்படித் தெரியும்? பயிற்சியில் ஒருமுறை இடது ஓரத்தில் நில்லுங்கள், அடுத்த முறை வலது ஓரத்தில். வடிவம் உங்களோடு திரும்பினால் குறிவைத்தது. மாறாமல் வந்தால் நிலையானது. விசிறி போல விரிந்து வருவதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. குறிவைத்த விசிறியில் குண்டுகள் ஒற்றைப்படை என்றால் நடுக் குண்டு நேராக உங்களுக்கு, ஆகவே நகர வேண்டும். இரட்டைப்படை என்றால் உங்களை நோக்கி வருவது நடு இடைவெளி, ஆகவே அசையாமல் நின்றாலே போதும். நான்கு குண்டு விசிறிக்கு முன்னால் கையைக் கட்டிப்போட்டு நிற்பது முதலில் பயமாக இருக்கும். ஒருமுறை நின்று பாருங்கள்.

"திரை எதிரிகளால் நிறைந்துவிடுகிறது"

தப்பிப்பதிலேயே கவனம் போய்ச் சுடுவது குறைந்துவிட்டது என்று அர்த்தம். எதிரிகள் எந்த வரிசையில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்பது பெரும்பாலான ஸ்டேஜ்களில் மாறாது. வரும் இடத்தில் முன்பே போய் நின்று, அவர்கள் முதல் குண்டைச் சுடுவதற்கு முன் முடித்துவிடுங்கள். சில கேம்களில் மிகக் கிட்டே நின்றால் எதிரி சுடுவதே இல்லை. உங்கள் கேமில் அப்படியா என்று எதிரியின் டாங்கிமேல் போய் நின்று பாருங்கள்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே 55 எதிரிகள், ஒரு ஃபிரேமுக்கு ஒருவர் என்ற கணக்கில் நகர்கிறார்கள். எண்ணிக்கை குறையக் குறைய முறை சீக்கிரம் வரும், அதனால் வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசி எதிரியைத் துரத்தினால் கிடைக்காது. அவன் திரும்பிவரும் பாதையில் முன்பே ஒரு குண்டை அனுப்பிவையுங்கள்.

"பாம்ப் கையில் இருக்கும்போதே சாகிறேன்"

பதிவில் பாருங்கள், சாவதற்கு முன் எத்தனை நேரம் நீங்கள் வெறும் அதிர்ஷ்டத்தில் தப்பினீர்கள் என்று. அந்த நேரத்தின் தொடக்கத்தில்தான் பாம்ப் (நெருக்கடியில் நம்மைக் காக்கும், சிலவே கிடைக்கும் பெரிய ஆயுதம்) போட்டிருக்க வேண்டும். "மாட்டினால் போடுவேன்" என்பது வேலைக்கு ஆகாது. மாட்டியது மூளைக்கு எட்டிக் கை பதில் கொடுப்பதற்குள் தொடக்கத்தில் சொன்ன அந்த 12 ஃபிரேம் கடந்திருக்கும். இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள். இந்த ஸ்டேஜில் இந்தப் பெரிய எதிரி வந்ததும் ஒன்று, பாஸின் மூன்றாவது தாக்குதலில் ஒன்று. அந்த இடத்தில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றினாலும் போட்டுவிடுங்கள்.

1979-ல் வந்த ஆஸ்டிராய்ட்ஸின் 'ஹைப்பர்ஸ்பேஸ்' பட்டன் இந்தக் கணக்கில் சேராது. அது கலத்தை ஏதோ ஒரு இடத்தில் கொண்டுபோய்ப் போடும், சில நேரம் அங்கேயே வெடித்தும் போகும். அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு லைஃப் போனால் தொடர்ந்து மூன்றும் போய்விடுகிறது"

கிரேடியஸ் மாதிரிக் கேம்களில் செத்தால் சேர்த்த ஆயுதம் எல்லாம் போய், பழைய இடத்திலிருந்து வெறும் துப்பாக்கியோடு தொடங்க வேண்டும். முழு பலத்தோடு கடந்த இடத்தை அதே பாதையில் கடக்க முடியாது. ஒவ்வொரு செக்பாயிண்டிலிருந்தும் வெறுங்கலத்தோடு கிளம்பி, முதல் இரண்டு பவர்-அப் எங்கே கிடைக்கிறது என்பதைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். செத்த இடத்திலேயே கலம் மீண்டும் வரும் கேம்களில் வேறு தவறு நடக்கிறது. மின்னிக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடி நம்மை எதுவும் செய்யாது. அந்த நேரத்தை ஓரத்தில் ஒதுங்கி வீணாக்காமல், மிக ஆபத்தான எதிரியின் கிட்டே போய் அதை முடிப்பதற்குச் செலவிடுங்கள்.

"முதல் இரண்டு ஸ்டேஜ் தூக்கத்தில்கூட வரும், மூன்றாவதில் எப்போதும் முடிந்துவிடுகிறது"

ஆட்ட நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஏற்கனவே தெரிந்ததைத்தான் ஐம்பது நிமிடம் ஆடியிருப்பீர்கள். ஸ்டேஜைத் தேர்ந்தெடுக்கும் வசதியோ சேவ் ஸ்டேட்டோ (ஆட்டத்தை அந்தக் கணத்திலேயே சேமித்துவைக்கும் வசதி) இருந்தால் மூன்றாவதின் தொடக்கத்தில் நிறுத்திவையுங்கள். அதற்குள்ளும் முழுசாக ஆடாமல், செத்த இடத்துக்குப் பத்து விநாடி முன்னாலிருந்து தொடங்கி, தொடர்ந்து மூன்று முறை சாகாமல் கடக்கிற வரை அதையே ஆடுங்கள். பிறகு இன்னொரு பத்து விநாடி பின்னால் நகர்த்திச் சேர்த்து ஆடுங்கள். இரண்டு வசதியும் இல்லாத கேமில் அந்த இடத்தின் பதிவைப் பார்த்து, காகிதத்தில் எதிரி வரும் பக்கத்தையும் நீங்கள் நிற்க வேண்டிய இடத்தையும் வரைந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

"கை வலிக்கிறது"

பட்டனைத் தானே திரும்பத் திரும்பத் தட்டும் ஆட்டோஃபயர் போடுங்கள். 60 ஃபிரேம் கேமில் ஒரு ஃபிரேம் அழுத்தி ஒரு ஃபிரேம் விட்டால் விநாடிக்கு 30 குண்டு. எந்த விரலும் அந்த வேகத்துக்கு வராது, வரவைக்கவும் வேண்டாம். மணிக்கட்டில் வலி தொடங்கினால் அன்றைய ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். மறுநாளும் வலி இருந்தால் மறுநாளும் ஆட வேண்டாம்.